ஷிறோமிக்கு ஒரு காது வேண்டும்

உட்துறைமுக வீதி,
திருக்கோணமலை.
1978 ஆவணி, ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

மரியாதைக்குரிய மருமகன் கிறிஸ்தோபர் அவர்களுக்கு மாமா யேசுரட்ணம் ஆசீரோடு எழுதுவது.

நீங்களும் என் மகள் றீற்றாவும் இலண்டன் குளிரில் தேக சுகத்தோடு இருக்கத் தேவமாதாவை மன்றாடுகிறேன். அங்கே இப்போது வெயில் காலம் என்று எழுதியிருந்தீர்கள், நம்புகிறேன். இங்கே என் தங்கை கிறேசும் உங்கள் பிள்ளை ஷிறோமியும் நல்ல சுகம். என்னைப் பற்றியும் அப்படியே எழுதிவிட்டுப் போவதுதான் முறை. ஆனால் பூசை கண்டுவிட்டு வந்த கையோடு பொய் எழுத மனம் வரவில்லை. நான் உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான்.

ஷிறோமியை விமானத்தில் இரவு முழுவதும் நித்திரையாக்கும் வழி பற்றி நீங்கள் தட்டச்சில் அடித்து அனுப்பிய கடிதம் கிடைத்தது. பிள்ளையைக் கதிரையில் இருந்தபடியே உறங்கப் பழக்கவும், இயந்திரச் சத்தத்துக்குப் பழக்கவும், கூட்டிக்கொண்டு வரப்போகும் இரத்தினேஸ்வரியோடு நெருங்கிப் பழக விடவும், கையில் ஏதாவது பழகிய பொருளைக் கொடுத்து அனுப்பவும் என்று எழுதியிருந்தீர்கள். படித்த பிள்ளை எழுதிய கடிதம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. எல்லாம் நல்ல யோசனைகள். கடைசி யோசனையில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைக்குப் பழகிய பொருள் என்னுடைய இடது காது.

இதை இவ்வளவு காலமும் உங்களுக்கு எழுதாமல் விட்டதற்கு விசேஷமான காரணம் ஒன்றுமில்லை, காதைப் பற்றி எப்படிக் கடிதம் எழுதுவது என்று தெரியாததுதான். நீங்கள் இருவரும் அங்கே ஒற்றை அறையில் படிப்பும் வேலையுமாக அல்லாடப் போகிறீர்கள், கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஏலாது என்று சொல்லி அவளை எங்களிடம் விட்டுப் போனீர்களே, அன்றைக்கு இரவு அவள் தாயின் மணத்தைத் தேடி அழுத அழுகை எனக்கு மறக்காது. கிறேஸ் பாடிப் பார்த்தாள். நான் செபமாலை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். அப்போது அந்தச் சின்னக் கை என் இடது காதில் பட்டது. காதுச் சோணையைப் பிடித்துக் கசக்கத் தொடங்கினாள். அழுகை நின்றது. உறங்கிவிட்டாள். அன்று பிடித்த காதை அவள் இன்னும் விடவில்லை. இப்போது கதைக்கத் தெரியும் என்பதால் பொழுது பட்டவுடன் "அம்மப்பா, காது தா" என்று கேட்டு வாங்குகிறாள். என் வலது காதைப் பற்றி உங்களுக்குத் தெரியும். துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு கிரேக்கக் கப்பல் பக்கத்தில் நின்று ஊதிய ஊதலோடு அது செத்துப் போயிற்று. ஆகவே இரவில் கேட்கிற காது பிள்ளையின் கைக்குள்ளும் கேளாத காது வெளியிலுமாக நான் முழுச் செவிடனாகக் கிடக்கிறேன். போன மாதம் கோழிக்கூட்டில் கள்ளன் வந்து, கிறேஸ் ஊர் கூடும்படி கத்தி, அயலட்டைச் சனம் எல்லாம் விளக்கோடு வந்து போயிருக்கிறது. எனக்கு விடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் தெரியும். சேவல் எங்கே என்று கேட்டேன், கிறேஸ் மத்தியானம் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. அது ஒன்றுதான் அதில் எனக்குக் கிடைத்த லாபம்.

நானே பிள்ளையைக் கொண்டுவந்து விடலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். செத்த காதோடு விமானத்தில் ஏறினால் மற்றக் காதும் போய்விடும் என்று காது டொக்ரர் சொல்லிவிட்டார். ஆகவே இரத்தினேஸ்வரிதான். அவவை நீங்கள் அதிகம் அறியமாட்டீர்கள். மூன்றாம் வீட்டுக் கதிரவேலின் மனைவி. மகளின் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு இலண்டன் வருகிறா. சைவக்காரர், பிறந்த இடம் சாம்பல்தீவுப் பக்கம், பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. கேட்டவுடனேயே, "அதுக்கென்ன யேசு அண்ணன், மடியில வச்சுக் கொண்டு போய்க் குடுக்கிறன்" என்றா. மடியில் வைப்பதல்ல விஷயம், காதைக் கொடுப்பதுதான் விஷயம் என்று அப்போது நான் சொல்லவில்லை.

உங்கள் முதல் யோசனைப்படி மண்டபத்தில் கதிரைகளை ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கி விமானம் ஒன்று செய்தோம். கிறேஸ்தான் விமானப் பணிப்பெண். அவள் தானாகவே எடுத்துக்கொண்ட பதவி. தட்டில் பிஸ்கோத்து வைத்துக்கொண்டு கதிரைகளுக்கு நடுவே போய் வந்தாள். முன்கதிரையில் இரத்தினேஸ்வரியும் ஷிறோமியும். நான் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது என்று குசினிக்குள் ஒளித்திருக்க வைக்கப்பட்டேன். பிள்ளை பிஸ்கோத்தைத் தின்றது, பால் குடித்தது, மடியில் சாய்ந்தது, மெல்லக் கையை உயர்த்தி இரத்தினேஸ்வரியின் இடது காதைத் தடவியது. அங்கேதான் எல்லாம் கெட்டது. அவவுடைய காதில் கலியாணத்துக்குப் போட்ட கல்லுத்தோடு. கல்லுகள் எல்லாம் மேலெழுந்து நிற்கிற பழைய வேலை. பிள்ளை சோணையைப் பிடித்துக் கசக்கப் பார்த்தது, கல் விரலில் குத்தியது, தோட்டையே பிடித்து இழுத்தது. இரத்தினேஸ்வரிக்குக் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தது உங்கள் மகள்தான். "முள்ளுக் காது வேண்டாம்" என்று அவள் போட்ட சத்தம் குசினிக்குள் இருந்த எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிறேசின் காது ஆகாதா என்று கேட்கலாம். அவளும் பயணம் வரப்போவதில்லை, வந்தாலும் ஆகாது. கிறேஸ் கதைக்கும்போது தலை ஆடும், காது பிள்ளையின் கைக்குள் நிற்காது. அவள் கதைக்காமல் இருந்த நேரம் எனக்கு நினைவில்லை. அவளுக்கு ஒரு புத்தி வந்தது, துணியில் காது தைத்துக் கொடுத்து அனுப்பலாம் என்று. என்னுடைய பழைய காற்சட்டை ஒன்றை வெட்டி, இலவம்பஞ்சு அடைத்து, என் காதை அளவெடுத்து ஒன்று தைத்தாள். காது என்று சொன்னால்தான் காது, சொல்லாவிட்டால் பயற்றம் பணியாரம். பிள்ளை அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "அம்மப்பா, காது விழுந்திட்டுது" என்று சொல்லி என்னிடமே நீட்டியது. பிறகு முற்றத்து நாய் அதைக் கொண்டு போயிற்று. என் காதைக் கவ்விக்கொண்டு நாய் வீதியில் ஓடுகிறது என்று அயலில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அடுத்து சாதிக்காய். பாலில் ஒரு இழை உரைத்துக் கொடுத்தால் பிள்ளை விமானம் இறங்கும் வரைக்கும் எழும்பாது என்று கிறேஸ் சொன்னாள். பெற்றவர்களைக் கேட்காமல் பிள்ளைக்கு அப்படி ஒன்றைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க முதலில் நான் குடித்துப் பார்த்தேன். போன ஞாயிறு காலை குடித்தேன். பூசையில் சுவாமி பிரசங்கம் தொடங்கியது நினைவிருக்கிறது. பிறகு யாரோ என்னைத் தட்டி எழுப்பினார்கள், கோவில் பூட்டப் போகிறார்கள் என்று. இடையில் நான் குறட்டை விட்டதாகவும், சுவாமி இரண்டு தரம் நிறுத்திவிட்டுத் தொடங்கியதாகவும் கிறேஸ் சொல்கிறாள். வீட்டுக்கு வந்தவுடன் மிச்சச் சாதிக்காயைக் கடலில் எறிந்துவிட்டேன். பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, நீங்கள் பயப்பட வேண்டாம்.

இயந்திரச் சத்தத்துக்குப் பழக்கும் விஷயம் இன்னும் இருந்தது. திருக்கோணமலையில் இயந்திரச் சத்தத்துக்கு எங்கே போவது? மூதூர் லாஞ்சிப் படகுதான். கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர் போய்ச் சேருமட்டும் அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவனோடு கதைக்க ஏலாது. எனக்கு அது நிம்மதி. பிள்ளையோடு ஏறி, இயந்திரப் பெட்டிக்கு அருகில் வாங்குப் பலகையில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் பிள்ளை, பிள்ளைக்கு அந்தப் பக்கம் பக்கீர் நானா. பட்டணத்தில் முட்டை விற்றுவிட்டு வெறும் கூடைகளோடு மூதூருக்குத் திரும்புகிற மனிதர். லாஞ்சி புறப்பட்டு, துறைமுக வாய் கடந்து, காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியதுதான் தெரியும். இத்தனை நாள் நித்திரை இல்லாத உடம்பு, மருமகன். பிள்ளையை நித்திரையாக்கப் போன நான் பிள்ளைக்கு முன்னமே நித்திரையாகிவிட்டேன்.

கண் விழித்தால் லாஞ்சி மூதூர் இறங்குதுறையில் நிற்கிறது. சனம் எல்லாம் இறங்கிவிட்டது. என் காதைத் தடவிப் பார்த்தேன், வெறும் காது. திரும்பிப் பார்த்தால் ஷிறோமி பக்கீர் நானாவின் காதைப் பிடித்துக்கொண்டு நல்ல நித்திரை. அந்த மனிதர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடி, கூடைகளைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு, அசையாமல் இருக்கிறார். கரையில் நின்ற அவருடைய மனைவி கை காட்டிக் கூப்பிடுகிறா. "நானா, உங்கட ஊர் வந்திட்டுது, இறங்குங்கோ" என்றேன். "புள்ள தூங்குது ஐயா. நான் எழும்பினா அதுவும் எழும்பிடும். இதே லாஞ்சியில போயிட்டு வாறன்" என்றார். மனைவியைப் பார்த்து ஒரு கையை மட்டும் ஆட்டினார். லாஞ்சி திரும்பியது. மனைவி கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா. திருக்கோணமலை வந்து பிள்ளை தானாகக் கண் விழித்த பிறகுதான் அந்த மனிதர் கழுத்தை நிமிர்த்தப் பார்த்தார். நிமிர்த்த முடியவில்லை, நானும் லாஞ்சிக்காரனும் சேர்ந்துதான் நிமிர்த்தினோம்.

அவருக்கு நான் நன்றி சொன்னேன். ஆனால் உங்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு மனம் சரியில்லை. என் காது இல்லாவிட்டால் பிள்ளை உறங்காது என்று இரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். முட்டைக்காரர் காதே போதும் என்று அவள் ஒரு லாஞ்சிப் பயணத்தில் காட்டிவிட்டாள். கிறேசிடம் சொன்னேன். அவள், "அப்ப தோடில்லாத காது எதெண்டாலும் காணும் அண்ணன், உங்கட காதில பவுனா வச்சிருக்கு" என்றாள். சில நேரம் கிறேஸ் கதைப்பதிலும் விஷயம் இருக்கிறது.

ஆகவே கடைசியில் எல்லாம் வந்து அந்தத் தோட்டில் நிற்கிறது. பக்கீர் நானாவை இலண்டனுக்கு அனுப்ப ஏலாது, அவர் மனைவி இனி அவரை லாஞ்சியில் ஏறவே விடமாட்டா என்று கேள்வி. இரத்தினேஸ்வரியிடம் தோட்டைக் கழற்றும்படி கேட்க எனக்கு நா எழவில்லை, கிறேஸ்தான் கேட்டாள். அவவின் முகம் மாறிவிட்டது. "கலியாண நாளில போட்டது, குளிக்கேக்கயும் கழட்டினதில்லை கிறேஸ் அக்கா. மனுசன் உயிரோட இருக்கேக்க காதை மூளியாக்கிக்கொண்டு கடல் கடந்து போகேலாது" என்றா. அது நியாயம். எங்கள் பெண்கள் கலியாண மோதிரத்தைக் கழற்றுவார்களா? சைவக்காரருக்குத் தாலி எப்படியோ தோடும் அப்படி. கதிரவேல் என்னோடு ஒன்றாகப் படித்தவன், அவன் ஆயுசில் கைவைக்கிற காரியத்தை நான் கேட்கமாட்டேன்.

மருமகன், எல்லாவற்றையும் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். இரவு முழுவதும் ஆகாயத்தில், அறியாத சனத்துக்கு நடுவில், பிடிக்க ஒரு காது இல்லாமல் அந்தப் பிள்ளை அழுதுகொண்டு போவதை நினைக்க என்னால் முடியவில்லை. அழுது களைத்துத் தொண்டை கட்டி இறங்குகிற பிள்ளை, முகம் தெரியாத உங்கள் இருவரிடமும் எப்படி வரும்? ஆகையால் இந்தப் பயணத்தை ஒத்திவைக்கும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் கொஞ்சம் வளரட்டும். பள்ளிக்கூட வயது வந்தால் காதை மறந்துவிடும். அதுவரைக்கும் இங்கே அவளுக்கு ஒரு குறையும் வராது. பிள்ளையை விட எனக்கு மனமில்லாமல் இப்படி எழுதுகிறேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். அவள் போனால் நான் ஆறுதலாக நித்திரை கொள்வேன், இரவில் காது கேட்கும், கோழிகள் மிஞ்சும். எனக்கு லாபம்தான். பிள்ளைக்காகத்தான் சொல்கிறேன்.

றீற்றாவுக்கு இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவள் பிள்ளைக்கு என்று பின்னிய கம்பளிச் சட்டை பழுதாகாமல் அலுமாரியில் பூச்சிக்குண்டு போட்டு வைக்கட்டும். உங்கள் இருவர் வேலைக்கும் வீட்டுக்கும் அந்தோனியார் துணை நிற்கட்டும், என் இரண்டு கையும் உங்கள் தலைமேல் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
களைத்துப்போன மாமா,
அ. யேசுரட்ணம்.

பி.கு.: கடிதத்தை மடித்து, ஒட்டுவதற்குப் பசை கேட்டுக் கிறேசைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. என் காதில் பிழை என்று நினைத்து மண்டபத்துக்குப் போனேன். கிறேஸ் வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாள், கதைக்கவில்லை. விமானக் கதிரைகள் அப்படியே கிடக்கின்றன. முன்கதிரையில் இரத்தினேஸ்வரி. மடியில் ஷிறோமி, மத்தியான நித்திரை. அவவின் வலது காதில் கல்லுத்தோடு பளிச்சென்று இருக்கிறது. இடது காதில் தோடு இல்லை. துளை மூளியாக இருக்கக்கூடாது என்று ஒரு சின்ன ஈர்க்குத் துண்டு குத்தாதபடி நறுக்கிச் செருகியிருக்கிறது. அந்தக் காதை உங்கள் மகள் பிடித்துக் கசக்கிக்கொண்டு உறங்குகிறாள். பின்கதிரையில் கதிரவேல், உள்ளங்கையில் ஒற்றைத் தோடும் அதன் திருகுச் சுரையும். என்னைக் கண்டு எழும்பி வந்து, பிள்ளை எழும்பாமல் இருக்க, என் இடது காதோடு வாயை வைத்துச் சொன்னான்: "நான் சாகிறதெண்டா இவள் ரெண்டு தோடும் போட்டிருக்கேக்கயும் சாவன் யேசு. பிள்ளை ராமுழுக்க அழுதுகொண்டு போகக்கூடாது. சுரை இறுகிக் கிடந்தது, நான்தான் கழட்டினனான்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோசப்பட வேண்டிய நேரம், எனக்கு அழுகை வந்துவிட்டது. கிறேஸ் பார்த்துவிட்டு, பசையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

இவ்வளவையும் திருப்பி எழுதக் கையில் பலமில்லை. ஆகையால் மேலே எழுதியதை எழுதாததாகக் கொள்ளுங்கள். பயணம் குறித்த நாளில்தான். கம்பளிச் சட்டையை அலுமாரியில் வைக்க வேண்டாம். விமானத்திலிருந்து ஒரு காதில் தோடும் ஒரு காதில் ஈர்க்குமாக இறங்குகிற அம்மாவிடம் பிள்ளை இருக்கும், தேடத் தேவையில்லை.

றீற்றாவுக்கு ஒன்று சொல்லுங்கள். கலியாணத்துக்கு நான் செய்து போட்ட தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு விமான நிலையத்துக்கு வரட்டும். பிள்ளை அவளைக் கண்டு அழுதால் அவளும் நின்று அழக்கூடாது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கட்டும். இடது தோள். பிள்ளையின் கையைப் பிடித்துக் காட்டத் தேவையில்லை, காதை அவள் தானே தேடி எடுப்பாள்.